மணி இருக்கிறது, பிரேக் எங்கே?

ஒரு காலத்தில் நம் ஊர்களில் சைக்கிள்காரனை வழிமறிப்பதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. பொழுது சாய்ந்த பின் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார். பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு போனால் 'டபிள்ஸ்' என்று நிறுத்துவார். நகரசபைச் சிப்பந்தி தம் பங்குக்கு, வரி கட்டிய வில்லை எங்கே என்று கேட்டு நிறுத்துவார். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்காக டயரின் காற்றைப் பறிகொடுத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போன கனவான்கள் பலரை நான் அறிவேன். ஆனால் பிரேக் இல்லாத குற்றத்துக்காக ஒருவரை நிறுத்தினார்கள் என்று நான் கேள்விப்பட்டதே கிடையாது. நிறுத்தியிருக்கவும் முடியாதுதான். பிரேக் இல்லாதவன் எப்படி நிற்பான்?

வில்லை போய்விட்டது. டபிள்ஸ் போகிறவனை இப்போது யாரும் ஏனென்று கேட்பதில்லை. பிரேக்கைப் பற்றிய அசட்டை மட்டும் பரம்பரைச் சொத்தாக நம்மிடம் தங்கிவிட்டது. சைக்கிள் வாங்கப் போகிறவர் நிறத்தைப் பார்க்கிறார். ஸீட்டை அமுக்கிப் பார்க்கிறார். மணியை நாலு தடவை அடித்துப் பார்க்கிறார். பிரேக்கை ஒரு தடவை பிடித்துப் பார்க்கிறவர் அபூர்வம். மணி என்பது, 'நான் வருகிறேன், நீ விலகிக்கொள்' என்று அடுத்தவனுக்குச் சொல்லும் கருவி. பிரேக் என்பது, 'நீ போ, நான் நிற்கிறேன்' என்று சொல்லும் கருவி. முதலாவதற்குக் கொடுக்கிற மரியாதையை இரண்டாவதற்கு நாம் கொடுக்காததில், நம் சுபாவமும் கொஞ்சம் தெரிகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

கதை எழுதுகிற என் சகாக்களும் சினிமா எடுக்கிறவர்களும் இந்த அசட்டைக்குச் சாமரம் வீசி வந்திருக்கிறார்கள். கதாநாயகன் சைக்கிளில் வருவான். கதாநாயகி எதிரே வருவாள். அவன் தடுமாறுவான், மோதுவான், புத்தகங்கள் சிதறும், காதல் பிறக்கும். நம் கதைகளில் பிறந்த காதல்களில் ஒரு கணிசமான பகுதி, பிரேக் கட்டை தேய்ந்துபோன காரணத்தால் பிறந்தவை. கதையில் புத்தகம்தான் சிதறுகிறது. தெருவில் பல் சிதறுகிறது, மணிக்கட்டு முறிகிறது, எதிரே லாரி வந்தால் அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்ல வருவது ஒரே விஷயந்தான். நம் சைக்கிள்களின் பிரேக் மோசமாக இருப்பதற்கு ஏழ்மை காரணம் அல்ல. சைக்கிள் பழசு என்பதும் காரணம் அல்ல. அதற்குச் செலவு செய்வது வீண் என்று நாம் நினைப்பதுதான் காரணம். சக்கரத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற சாதாரண பிரேக்கை, புது வண்டி வாங்காமல், டிஸ்க் பிரேக் வாங்காமல், ஒரு குடும்பம் ஓட்டலில் ஒரு வேளை டிபன் சாப்பிடுகிற பணத்துக்குள்ளேயே மனிதனை நம்பத் தகுந்த பிரேக்காக ஆக்கிவிடலாம். ஆக்காமல் இருப்பதற்கு நாம் சொல்லுகிற சமாதானங்கள் எல்லாம் பொய். அந்தப் பொய்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பொய், 'டிஸ்க் பிரேக் இல்லாத சைக்கிளில் பிரேக்கே இல்லை' என்பது. இது புதிதாகக் கிளம்பியிருக்கும் பொய். பையனுக்குப் பத்து வயது ஆனதும் அப்பா கடைக்குப் போகிறார். கடைக்காரர், "ரிம் பிரேக்கெல்லாம் அந்தக் காலம் ஸார்! இப்போ எல்லாம் டிஸ்க்தான்" என்கிறார். வீட்டில் இருக்கிற நல்ல வண்டி மொட்டை மாடிக்குப் போகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதியது வருகிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டிஸ்க் என்பது என்ன? சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு தட்டு. அதை இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்துகிறார்கள். அப்படியானால், சக்கரத்தின் விளிம்பும் அதோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு தட்டுத்தானே? நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 அங்குலச் சக்கரத்தில் ரிம்மின் குறுக்களவு ஏறக்குறைய 63 சென்டிமீட்டர். சாதாரண டிஸ்க்கின் குறுக்களவு 16 சென்டிமீட்டர். கதவைத் தள்ளும்போது கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளினால் எவ்வளவு சிரமம், ஓரத்தில் வைத்துத் தள்ளினால் எவ்வளவு சுலபம் என்பது குழந்தைக்கும் தெரியும். அதே கணக்குத்தான் இங்கேயும். ரிம் செய்கிற வேலையைச் செய்வதற்கு டிஸ்க்கை ஏறக்குறைய நாலு மடங்கு பலத்தோடு அழுத்தவேண்டும். விலை உயர்ந்த வண்டிகளில் எண்ணெயின் அழுத்தத்தால் அந்தப் பலத்தை வரவழைக்கிறார்கள். அது உயர்ந்த சாமான்தான். மலிவு வண்டிகளில் வைப்பதோ, கம்பியால் இழுக்கப்பட்டு ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து தட்டை எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடிக்கிற சாதனம். சைக்கிள் ஸ்டாண்டில் பக்கத்து வண்டி அதன் மேல் சாய்ந்தால் தட்டு கோணும். அப்புறம் 'சர், சர்' என்று உராய்ந்துகொண்டே இருக்கும்.

நியாயமாகப் பேசவேண்டும் அல்லவா? சேற்றிலும் விடாத மழையிலும், உதகமண்டலத்திலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவது போன்ற நீண்ட இறக்கத்திலும் நல்ல டிஸ்க் பிரேக் உயர்ந்ததுதான். ஆனால் மயிலாப்பூரிலிருந்து திருவல்லிக்கேணிக்குப் போகிற பையனுக்கு உதகமண்டலத்து இறக்கம் எதற்கு? அவனுடைய ரிம் பிரேக்கில் புதுக் கட்டை போட்டால் போதுமே!

இரண்டாவது பொய், 'மழையில் எந்தச் சைக்கிளும் நிற்காது. அது விதி' என்பது. விதி அல்ல, உலோகம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் 1971-இல் இதைச் சோதனை செய்து பார்த்தார்கள். பேராசிரியர் டேவிட் கார்டன் வில்சனும் பிராங்க் விட்டும் எழுதி 1974-இல் வெளியான 'பைசிக்ளிங் சயன்ஸ்' என்ற நூலின் வழியாக அது உலகத்துக்குத் தெரிய வந்தது. குரோமியம் பூசிய இரும்பு ரிம், சாதாரண ரப்பர் கட்டை. இவை இரண்டும் நனைந்தால், உலர்ந்திருக்கும்போது கிடைக்கிற பிடிப்பில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. பிரேக்கை முழு பலத்தோடு பிடித்தபடியே சராசரியாக 30 சுற்றுச் சுற்றிய பிறகுதான் பிடிப்பு ஏறத் தொடங்கிற்று. பழைய நிலைக்கு வர அதற்கு மேலும் 20 சுற்று ஆயிற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், முப்பது சுற்றில் அறுபது மீட்டர் போய்விடுகிறது. ஐப்பசி அடைமழையில், நாற்சந்திக்கு அறுபது மீட்டர் முன்னாலேயே நிறுத்த நினைத்தவன் எத்தனை பேர்?

நம் ஊரில் இன்னும் ஓடுகிற பழைய வண்டிகளில் பெரும்பாலானவை இதே பளபளப்பான இரும்பு ரிம் போட்டவை. அலுமினிய ரிம் நனைந்தாலும் இவ்வளவு துரோகம் செய்வதில்லை. கட்டையிலும் வித்தியாசம் இருக்கிறது. இரும்பு ரிம்முக்கென்றே தோல் பதித்த கட்டைகளை இங்கிலாந்தில் 'ஃபைபராக்ஸ்' கம்பெனி செய்தது. மழைக்கு ஏற்றவை என்று பெயர் வாங்கிய, சிவந்த நிறமுள்ள கட்டைகளை அமெரிக்காவில் 'கூல் ஸ்டாப்' கம்பெனி விற்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஒரு செல்லாக் காசு செலவில்லாத வழியும் உண்டு. மழையில் போகும்போது அவ்வப்போது பிரேக்கை இலேசாகப் பிடித்து, ரிம்மில் இருக்கும் தண்ணீரைக் கட்டையாலேயே துடைத்துக்கொண்டு போகவேண்டும். நிற்கவேண்டிய இடம் வந்த பிறகு துடைக்க ஆரம்பிக்கக்கூடாது. இதை எந்தப் பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறார்கள்?

மூன்றாவது பொய்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது. 'முன் பிரேக்கைத் தொடாதே, தலைகுப்புற விழுவாய்.' நம் நாட்டில் சைக்கிள் கற்றுக்கொள்ளும் குழந்தையின் காதில் முதலில் ஓதப்படும் மந்திரம் இதுதான். சில வீடுகளில் அன்போடு முன் பிரேக்கைக் கழற்றியே வைத்துவிடுகிறார்கள்.

வண்டி நிற்க முயலும்போது உடம்பின் பாரம் முன்னால் போகிறது. பஸ் சடக்கென்று நின்றால் நாம் முன்னே சாய்வதில்லையா? அதே சங்கதி. பாரம் முன்னால் போகப் போகப் பின்சக்கரம் இலேசாகிறது. இலேசான சக்கரத்தைப் பிடித்தால் அது வழுக்குமே தவிர வண்டியை நிறுத்தாது. சமதரையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் முன் பிரேக்கை நன்றாகப் பிடித்தால் மூன்று மீட்டர் சுமாரில் நிற்கலாம். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் ஆறு மீட்டராவது ஆகும். இது என் கற்பனை அல்ல. ஐரோப்பாவில் 2005-இல் நகரச் சைக்கிள்களுக்கு வகுத்த தரநிர்ணயத்தைப் பாருங்கள். உலர்ந்த தரையில் 25 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு பிரேக்கும் பிடித்தால் 7 மீட்டருக்குள் நிற்கவேண்டும் என்கிறார்கள். பின் பிரேக் மட்டும் என்றால் 15 மீட்டர் வரை மன்னிக்கிறார்கள். வண்டி செய்கிறவனுக்கே அதற்கு மேல் முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். நம் பெரியவர்கள் குழந்தையிடமிருந்து பிடுங்கி வைப்பது அந்த எட்டு மீட்டரை.

தலைகுப்புற விழுவது உண்டா? உண்டு. பயந்துபோய் ஒரே பிடியாகப் பிடித்து, கையைத் தளர்த்தி, உடம்பை முன்னால் விட்டால் விழலாம். அதற்குப் பரிகாரம் கற்றுக்கொள்வது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது. முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்குவது. கைகளை ஊன்றி உடம்பைப் பின்னுக்கு வைத்துக்கொள்வது. பின்சக்கரம் வழுக்கினால் முன் பிடியைச் சற்றுத் தளர்த்துவது. மணலிலும் சேற்றிலும் திருப்பத்திலும் முன் பிரேக்கில் அடக்கம் தேவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் பழகினால் வந்துவிடுகிற வித்தை இது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தார் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கு ஓர் இயக்கமே நடந்த தேசத்தில், நிறுத்தக் கற்றுக்கொடுக்க அப்பாவுக்கு ஒரு மணி நேரம் கிடையாதா?

இனி, பணத்துக்கு வருவோம். 'எங்கே ஸார் முடிகிறது?' என்று கையை விரிக்கிறவர்களுக்காக, எதற்கு முதலில் செலவு செய்வது, எதற்குப் பிறகு என்ற வரிசையைச் சொல்லுகிறேன். பிரேக் விஷயத்தில் பணத்தை வீணாக்குகிறவர்கள், வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறவர்கள்தான். புது பிரேக் செட் வாங்கித் துருப்பிடித்த கம்பியில் மாட்டுவார்கள். புதுக் கட்டை போட்டு எண்ணெய் வழிந்த ரிம்மில் அழுத்துவார்கள்.

காசே வேண்டாத முதல் வேலை, ரிம்மைச் சுத்தம் செய்வது. சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, அதற்குப் பிறகு ஸ்பிரிட் தோய்த்த துணியால் ஒரு தரம் துடைக்கவேண்டும். செயினுக்கு எண்ணெய் விடும் உற்சாகத்தில் ரிம்முக்கும் இரண்டு சொட்டு விட்டுவிடுகிற தாராளம் கூடாது. கட்டையின் முகம் கண்ணாடி போல வழவழப்பாகிவிட்டிருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். சிறு கல்லோ உலோகத் துகளோ பதிந்திருந்தால் ஊசியால் நெம்பி எடுக்கவேண்டும்.

இரண்டாவது, கட்டை. வரிகள் தேய்ந்து மறைந்துவிட்டால் மாற்றவேண்டும்; வருஷக் கணக்காக வெயிலில் நின்று ரப்பர் கல்லாக இறுகிப் போயிருந்தால், தேயாவிட்டாலும் மாற்றவேண்டும். எல்லாப் பாகங்களிலும் மலிவானது இதுதான். எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவதும் இதுதான். ஆனால் போடுகிற விதம் ஒன்று இருக்கிறது. கட்டை முழுவதும் ரிம்மின் மேல் படியவேண்டும். மேலே போனால் டயரை அறுக்கும். கீழே போனால் போக்குக் கம்பிகளுக்குள் இறங்கிவிடும். கட்டையின் முன்னுனி, பின்னுனியைவிட ஒரு மில்லிமீட்டர் முந்தித் தொடும்படி இலேசாகச் சாய்த்து வைத்தால் கீச்சென்று அலறாது. ரப்பரைச் செருகுகிற இரும்புக் கூட்டின் ஒரு முனை மூடியும் ஒரு முனை திறந்தும் இருக்குமானால், மூடிய முனைதான் முன்பக்கம் பார்க்கவேண்டும். மாற்றிப் போட்டுவிட்டால், அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது சுழலும் சக்கரம் ரப்பரை உருவி எறிந்துவிடும். அவசரப்படுகிற பட்டறைப் பையன்கள் இதைக் கவனிப்பதில்லை. பக்கத்தில் நின்று நீங்கள் கவனியுங்கள்.

மூன்றாவது, கம்பியும் அதன் உறையும். கடையில் கம்பி என்றும் 'அவுட்டர்' என்றும் கேட்டால் கொடுப்பார்கள். 1896-இல் எர்னஸ்ட் பௌடன் என்பவர் காப்புரிமை பெற்ற அந்த எளிய உபாயம் இன்றுவரை மாறவில்லை. உள்ளே கம்பி இழுபடுகிறது. வெளியே உறை அசையாமல் முட்டுக் கொடுக்கிறது. உள்ளே துரு ஏறியிருந்தால் உங்கள் கையின் பலத்தில் ஒரு பகுதியை அந்தத் துருவே தின்றுவிடும். கட்டைக்குப் போய்ச் சேருவது மிச்சந்தான். கம்பியின் ஓர் இழை பிரிந்திருந்தாலும் அதை நம்பக்கூடாது. உறையின் முனையைச் சதுரமாக, பிசிறு இல்லாமல் வெட்டவேண்டும். தேவைக்கு மேல் நீளமாகவும் விடக்கூடாது. ஹேண்டில்பாரைத் திருப்பினால் இழுபடும் அளவுக்குக் குட்டையாகவும் வெட்டக்கூடாது. கம்பிக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவிச் செருகினால் பிடி வெண்ணெய் போல் இறங்கும். உறைக்கம்பி இல்லாத பழைய ராட் பிரேக் வண்டிகளில், இரும்புத் தண்டுகளின் மூட்டுகளுக்கு எண்ணெயும், தளர்ந்த திருகுகளுக்கு ஸ்பானரும் இதே சேவையைச் செய்யும்.

நான்காவது, கைப்பிடி. குழந்தையின் விரல் எட்டாத தூரத்தில் இருக்கிற பிடி, இல்லாத பிடிக்குச் சமானம். பலவற்றில் அதைக் கிட்டே கொண்டுவரச் சிறு திருகு இருக்கிறது, கடைக்காரரைக் கேளுங்கள். பிளாஸ்டிக் பிடி வளைகிறது என்றால் உலோகப் பிடி மாற்றுங்கள்.

இந்த நான்கும் முடிந்த பிறகும் வண்டி நிற்கவில்லை என்றால்தான், கட்டைகளைத் தாங்கி நிற்கிற பிரேக் செட்டை மாற்றுவதைப் பற்றி யோசிக்கவேண்டும். மெல்லிய தகட்டில் அடித்த மலிவுக் கைகள் நாம் அழுத்தும்போது தாமே வளைந்துகொடுக்கும். அலுமினியத்தில் வார்த்த, இரண்டு அச்சில் இயங்கும் செட் அப்படி வளையாது. வாங்குமுன், பிரேக் மாட்டுகிற துளைக்கும் ரிம்மின் நடுவுக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துகொண்டு போகவேண்டும். செருப்பு வாங்கக் கால் அளவு தெரியவேண்டாமா?

இங்கே ஒரு கண்ணியும் இருக்கிறது. ஜப்பானின் ஷிமானோ கம்பெனி 1996-இல் 'வி-பிரேக்' என்ற ஒரு வகையைக் கொண்டுவந்தது, நல்ல சாமான். அதற்கென்று அதிக நீளம் கம்பியை இழுக்கும் தனிப் பிடி உண்டு. பழைய ரக பிரேக்கோடு அந்தப் புது ரகப் பிடியை மாட்டிக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிடித்துப் பார்த்தால் கல்லைப் போல் கெட்டியாக இருக்கும். 'ஆகா, என்ன உறுதி!' என்று நீங்கள் மகிழ்வீர்கள். சக்கரமோ தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கையில் கெட்டியாக இருப்பது வேறு, சக்கரம் நிற்பது வேறு. பிடியும் பிரேக்கும் ஒரே ஜாதியாக இருக்கவேண்டும். ஜாதி பார்க்கவேண்டிய இடம் உலகத்தில் இது ஒன்றுதான்.

கடைசியாக, ரிம். இரும்பு ரிம் கோணிப்போய்க் கோட்டம் எடுக்கவும் முடியாத நிலை வந்தால், அப்போது அலுமினிய ரிம் போட்டுக்கொள்ளலாம். மழைக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. அதற்குமுன் அவசரப்பட வேண்டாம். அலுமினியம் கட்டையின் உராய்வில் தேயும் என்பதையும், பக்கச் சுவர் குழிந்துவிட்டால் மாற்றியே ஆகவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

இவ்வளவையும் ஒரு பழைய வண்டிக்காகச் செய்யவேண்டுமா என்று கேட்பவர்களுக்குத்தான் நான் முக்கியமாக எழுதுகிறேன். ஏனென்றால் அவர்கள் சைக்கிளில் போகிறவர்கள் அல்ல. அவர்கள் வீட்டுப் பழைய சைக்கிளில் போகிறவர்கள் வேறு பேர்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கனவான் ஒருவர் இருக்கிறார். தங்கமான மனிதர். சென்ற வருஷம், தம் பேரன் ஓட்டி அலுத்துப் போன சைக்கிளை, வீட்டு வேலை செய்கிற அம்மாளின் மகனுக்குத் தானம் செய்தார். வெறுமே கொடுக்கவில்லை, பெயிண்ட் அடித்து, புது ஸீட் உறை போட்டு, பளபளவென்று மணி ஒன்றும் வாங்கி மாட்டிக் கொடுத்தார். பையன் மறுநாள் அதில் போவதைப் பார்த்தேன். தெருமுனையில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. பையன் மணி அடித்தான். மாடு மணிக்குக் கட்டுப்படுவதாக இல்லை. அவன் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, செருப்பு தேயத் தேய வண்டியை இழுத்து நிறுத்தினான். போய்ப் பார்த்தால் முன்சக்கரத்தில் பிரேக்கே இல்லை. பின்சக்கரத்தில் ரப்பர் போய், வெறும் இரும்புக் கூடு ரிம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

நான் அந்தக் கனவானிடம் சொன்னேன். "ஓசியிலே கொடுத்ததுக்கு இதெல்லாம் பார்க்க முடியுமா ஸார்?" என்றார் அவர்.

மணி வாங்க முடிந்தது. கட்டை வாங்க முடியவில்லை! மணி கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது. கொடுத்தவர் பெயரைத் தெருவெல்லாம் சொல்கிறது. கட்டை மட்கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதை யார் பார்க்கப் போகிறார்கள்? நம் தர்மத்தில் பாதி இப்படித்தான் மணியாக இருக்கிறது. பையனைத் தெருக்கோடிச் சைக்கிள் கடைக்கு அழைத்துப் போனேன். பழைய பிரேக் செட் ஒன்றைத் தேடி எடுத்து முன்னால் மாட்டி, நான்கு கட்டையும் இரண்டு கம்பியும் உறையும் புதிதாகப் போட்டு, அரை மணியில் கடைக்காரர் முடித்துவிட்டார். அவர் கேட்ட கூலியும் சாமானும் சேர்ந்து அந்த மணியையும் ஸீட் உறையையும் வாங்கிய பணத்தைத் தாண்டவில்லை.

நம் ராஜ்யத்தில் 2001-2002-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவசச் சைக்கிள் திட்டம், 2005-2006-இல் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்குப் பொதுவாக விரிந்தது. நல்ல காரியம். எத்தனையோ பெண்கள் அதனால் படிப்பை விடாமல் முடித்தார்கள். அந்தச் சைக்கிள் அக்காவிடமிருந்து தம்பிக்கு வரும். தம்பியிடமிருந்து வயலுக்குப் போகும் அப்பாவுக்கு வரும். பால் எடுத்துக்கொண்டு போவதும், விடியுமுன் பத்திரிகை போடுவதும் அதன் மேல்தான். கேரியரில் இருபது கிலோ, ஹேண்டில்பாரில் பத்துக் கிலோ. பாரம் ஏற ஏற நிறுத்துவதற்குப் பலம் அதிகம் வேண்டும். ஆனால் கை மாறக் மாறப் பிரேக்தான் முதலில் சாகிறது. சைக்கிளோடு கூட ஒரு ஜோடி உபரிக் கட்டையும், அதை மாட்ட ஒரு மணி நேரப் பாடமும் கொடுத்தால் என்ன? பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பாடங்கள் நடக்கின்றன. உயிரோடு வீட்டுக்கு வந்து சேருவதும் ஒரு பாடந்தான்.

வாசக நேயர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுச் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். ஏறவேண்டாம். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்துக்கு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள். முன்சக்கரம் சுற்றாமல், பின்சக்கரம் தரையை விட்டு எழும்பவேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளினால், பின்சக்கரம் உருளாமல் தரையில் இழுபடவேண்டும். பிடி, ஹேண்டில்பாரைத் தொடும் வரைக்கும் வரக்கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த வண்டியை நாளைக் காலையில் யாரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளையிடமும் வேண்டாம். மற்றவர் பிள்ளையிடம் கட்டாயம் வேண்டாம். முதலில் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். மணி அடிக்காவிட்டால் பரவாயில்லை. அதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.